சிறுநீர்க் குழாய்: வீட்டார் கவனிக்க!

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். எவ்வளவு நல்ல பூட்டைப் போட்டாலும், கொல்லைக் கதவைத் திறந்து வைத்தால் திருடன் உள்ளே வந்துவிடுவான்.

நம் உடம்பும் அப்படித்தான்!

சிறுநீர் ஒவ்வொரு முறை வெளியேறும்போதும், வழியில் உள்ள கிருமிகளை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. இது இயற்கை நமக்குக் கொடுத்த காவல். அந்த வழியில் ஒரு குழாயைச் செருகினால் காவல் குறைந்துவிடுகிறது. குழாயைப் பற்றிக்கொண்டு கிருமி மேலே ஏறுகிறது.

அதற்காகக் குழாயே கூடாது என்று சொல்லவில்லை. சிறுநீர் அடைத்துத் துடிப்பவருக்கு அது உயிர் காக்கும் கருவி. பெரிய ஆபரேஷன் நடந்தவருக்கும் அது தேவைப்படலாம். ஆனால் "படுக்கை நனைகிறது, துணி மாற்றக் கஷ்டம்" என்பதற்காக மட்டும் குழாய் போடச் சொல்வது தவறு.

குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடுகிறது. நாள் ஒன்றுக்கு நூறு பேரில் 3 முதல் 7 பேர் வரை சிறுநீரில் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் ஆகிவிட்டால் ஏறக்குறைய எல்லோருக்குமே கிருமி இருக்கும்.

மூடிய பை

முன்பெல்லாம் குழாயின் நுனியைத் திறந்த பாட்டிலில் விட்டு வைப்பார்கள். சில நாளிலேயே கிருமி தொற்றிவிடும். குழாயையும் பையையும் இணைத்து, காற்றுக்கூட நுழையாமல் மூடி வைத்தால் தொற்று வெகுவாகக் குறைகிறது என்று 1966-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் குனின், மெக்கார்மக் இருவரும் எடுத்துக் காட்டினார்கள்.

ஆகவே, குழாயையும் பையையும் அடிக்கடி கழற்றி மாட்டாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

குழாயைத் தொடும் முன்பும் பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். படுக்கையின் மேல் வைத்தால் சிறுநீர் திரும்பிப் போகும். தரையிலும் படக்கூடாது.

குழாய் மடங்காமல் பாருங்கள். இழுபடாதபடி தொடையோடு சேர்த்து ஒட்டி வையுங்கள்.

பை நிரம்பி வழியும் வரை காத்திருக்க வேண்டாம். முக்கால் பங்கு நிறையும் முன்பே காலி செய்யுங்கள். அதற்குத் தனிப் பாத்திரம் வேண்டும். பையின் திருகு பாத்திரத்தில் படக்கூடாது.

குழாய் நுழையும் இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். டெட்டால் ஊற்ற வேண்டாம்.

திண்டுக்கல் வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் கெட்டியாகிக் குழாய் அடைத்துக்கொள்ளும். நிறையத் தண்ணீர் கொடுங்கள். இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டர் சொல்லும் அளவே குடிக்க வேண்டும்.

குழாயை நீங்களே பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே நீர் நிரப்பிய பலூன் இருக்கிறது. இழுத்தால் பாதை கிழிந்து ரத்தம் கொட்டும்!

எப்போது ஆஸ்பத்திரி?

குளிர் ஜுரம், அடிவயிற்றில் அல்லது விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம், பையில் சிறுநீர் இறங்காமை: இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காதீர்கள். வயதானவர் திடீரென்று தடுமாறிப் பேசினாலும் உடனே காட்டுங்கள். கவனிக்காமல் விட்டால் கிருமி சிறுநீரகத்துக்கும் ரத்தத்துக்கும் பரவும்.

வெறுமே சிறுநீர் கலங்கியிருக்கிறது, வாடை வருகிறது என்பதற்காக மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. ஜுரமோ வலியோ இல்லாதவருக்குப் பெரும்பாலும் கிருமிக்கொல்லி மருந்து தேவையில்லை. கண்டபடி சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும். பிறகு உண்மையாகவே நோய் வரும்போது மருந்து வேலை செய்யாது.

நோய் வந்தவருக்கு டாக்டர் சிறுநீரைச் சோதித்து, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று பார்த்துக் கொடுப்பார். குழாய் பல நாள் இருந்திருந்தால் அதை எடுத்துவிடுவார். தேவையானால் புதிதாக மாற்றுவார். ஜுரம் விட்டதும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. சொன்ன நாள் முழுதும் சாப்பிட வேண்டும்.

நம் வேண்டுகோள்

திண்டுக்கல்லில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை நர்சுகள் வீட்டுக்கே வந்து கவனிக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

நத்தத்திலும் வேடசந்தூரிலும் உள்ள ஒரு குடியானவர் வீட்டில், குழாயைக் கவனிப்பவர் மகளோ மருமகளோதான். அவருக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டாமா? நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன், கால் மணி நேரம் செலவழித்து அவர் கையாலேயே பையைக் காலி செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். குழாயை மாற்ற வேண்டிய தேதியைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பணம் செலவாகாது. மனம் இருந்தால் போதும்.

வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. டாக்டரைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், "இந்தக் குழாய் இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. ஒரு நாள் முன்னதாக எடுத்தாலும் அது நோயாளிக்கு லாபம்தான்!