தோளில் விழும் கை

சிறுவர் கோர்ட்டில் வக்கீல் எதற்கு என்று கேட்டார் நண்பர். கவிதை எழுதுகிறவர், நல்ல கவிதைகள் சில எழுதியிருக்கிறார். கேள்வியில் கேலி இல்லை, உண்மையான சங்கடம் இருந்தது. தப்பு செய்த பையனின் எதிரே தகப்பன் மனசோடு ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் அது; அங்கே கறுப்புக் கோட்டு நுழைந்தால் சாமர்த்தியம் நுழைந்துவிடும்; செய்ததை ஒப்புக்கொண்டு அழ வேண்டிய பையன் செய்யவில்லை என்று சாதிக்கக் கற்றுக்கொள்வான்; சட்டத்தின் பாஷை குழந்தையின் பாஷையை விழுங்கிவிடும். இது அவர் கட்சி. கூட இருந்த மூன்று பேரும் தலையாட்டினார்கள். மூவருமே எழுதுகிறவர்கள். கட்சியைவிட அந்தத் தலையாட்டல்தான் என்னைத் தொந்தரவு செய்தது. இதை எழுதுவது அதற்காகத்தான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். நம் மண்ணின் ஈரம் என்று நினைத்து நண்பர் சொன்னது, அமெரிக்கச் சரக்கு. 1899ல் சிகாகோவில், குக் கவுண்டியில், உலகின் முதல் சிறுவர் கோர்ட் ஏற்பட்டபோது அதன் ஸ்தாபகர்கள் சொன்னதும் வார்த்தைக்கு வார்த்தை இதுதான். குற்றம் நடந்ததா என்பது முக்கியமில்லை; பையனுக்கு என்ன தேவை என்பதுதான் முக்கியம். அரசு அவனுக்குத் தகப்பன். தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே வக்கீல் எதற்கு? அந்தக் கோர்ட்டில் நீதிபதியாக இருந்த ஜூலியன் மாக் 1909ல் எழுதிய ஒரு கட்டுரையில், நீதிபதி பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவசியப்பட்டால் அவன் தோளில் கைபோட்டு அணைத்துக்கொள்ளும் காட்சியை வர்ணித்திருக்கிறார். மாக் நல்ல மனுஷர். அவர் எண்ணத்தில் கள்ளம் கிடையாது. தோளில் விழுந்த அந்தக் கை பிறகு என்ன செய்தது என்பதுதான் விஷயம்.

1964 ஜூன் 8. அரிஜோனா மாநிலத்தில் குளோப் என்ற ஊர். ஜெரால்ட் கால்ட் என்ற பையனுக்கு வயது 15. அக்கம்பக்கத்து அம்மாள் ஒருவருக்கு டெலிபோனில் ஆபாசமாகப் பேசியதாக அவன் மீதும் இன்னொரு பையன் மீதும் புகார். போலீஸ் வந்து கூட்டிப்போனபோது அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பையனைக் கொண்டுபோகிறோம் என்று வீட்டில் ஒரு சீட்டுகூட வைக்கவில்லை. சாயங்காலம் வந்த தாய், மூத்த மகனை விட்டுத் தேடிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. மறுநாள் நீதிபதியின் அறையில் விசாரணை. புகார் சொன்னவர் வரவில்லை. யாரும் சத்தியப் பிரமாணம் செய்யவில்லை. யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. சில நாள் வைத்திருந்து பையனை வீட்டுக்கு அனுப்பியபோது, அடுத்த விசாரணை என்றைக்கு என்று நன்னடத்தை அதிகாரி தாய்க்கு ஒரு சீட்டு கொடுத்தார். ஆபீஸ் பெயர்கூட அச்சிடாத வெற்றுக் காகிதம். ஜூன் 15 விசாரணையில் தாய் ஒன்றே ஒன்று கேட்டார்: புகார் சொன்ன அம்மாளை வரவழையுங்கள், இரண்டு பையன்களில் யார் பேசியது என்று அவர் சொல்லட்டும். அவசியமில்லை என்றார் நீதிபதி. பையன் மாநிலத் தொழிற்பள்ளிக்கு அனுப்பப்பட்டான். 21 வயது ஆகும்வரை அங்கே வைத்திருக்கலாம். அதாவது ஆறு வருஷம். இதே குற்றத்தை வயது வந்தவன் செய்திருந்தால் 5லிருந்து 50 டாலர் வரை அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை.

எழுதுகிறவர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. அந்த அறையில் பையன் என்ன சொன்னான்? நம்பரைச் சுழற்றிவிட்டு டெலிபோனை மற்றவனிடம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னதாகத் தாய்க்கு ஞாபகம். ஆபாச வார்த்தைகளைத் தானே பேசியதாக ஒப்புக்கொண்டான் என்று அதிகாரிக்கு ஞாபகம். அவற்றில் ஒன்றைச் சொன்னதாக ஒப்புக்கொண்டான் என்று நீதிபதிக்கு ஞாபகம். மூன்று ஞாபகங்கள், பிரதி இல்லை. ஆறு வருஷத்துக்கு ஒரு பையனின் வாழ்க்கையைத் தீர்மானித்த வாக்கியம் உலகத்தில் எங்கும் பதிவாகவில்லை. அரிஜோனாவில் சிறுவர் வழக்குக்கு அப்பீல் கிடையாது என்பதால் பெற்றோர் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். அந்த விசாரணையில், எந்தச் சட்டப்படி அனுப்பினீர்கள் என்று கேட்டபோது நீதிபதி தடுமாறினார். பையன் ஒழுங்கீனத்தில் ஊறியவன் என்பதற்கு, இரண்டு வருஷத்துக்கு முன் பேஸ்பால் கையுறை ஒன்றைத் திருடியதாக வந்த புகாரைச் சொன்னார். அந்தப் புகாரில் விசாரணையே நடக்கவில்லை, ஆதாரம் போதாது என்பதால். ஆதாரமில்லாததால் அன்று விட்டுவிட்டது, இன்று ஆதாரமாகிவிட்டது. அறையில் ஒரு வக்கீல் இருந்திருந்தால் செய்யக்கூடியது பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பார். அந்த அம்மாளைக் கூப்பிடுங்கள் என்று தாய் கேட்டதையே, மறுக்க முடியாத விதத்தில் கேட்டிருப்பார்.

அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1967 மே 15ந் தேதி இதைத் தீர்த்தது. தீர்ப்பை எழுதியவர் ஏப் ஃபோர்ட்டாஸ். சுதந்திரத்தைப் பறிக்கக்கூடிய வழக்கில் சிறுவனுக்கும் குற்றச்சாட்டு என்ன என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வக்கீல் வேண்டும், வசதியில்லையென்றால் அரசு அமர்த்த வேண்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். தனக்கெதிராகத் தானே பேச அவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பையனாக இருப்பது ஒன்றே, நடைமுறை எதுவுமில்லாத போலிக் கோர்ட்டுக்கு நியாயமாகாது என்றார் ஃபோர்ட்டாஸ்.

நீதிபதி ஸ்டூவர்ட் மாறுபட்டார். நண்பரின் கட்சியை நண்பரைவிட நன்றாகச் சொன்னவர் அவர். வக்கீலும் சட்ட நுணுக்கமும் வந்தால் சிறுவர் கோர்ட் மறுபடியும் கிரிமினல் கோர்ட்டாகிவிடும். அந்தப் பழைய கோர்ட்டில், எல்லாச் சட்டப் பாதுகாப்போடும், 12 வயதுப் பையனைத் தூக்கில் போட்டிருக்கிறார்கள் என்று நினைவூட்டினார். கனமான வாதம். இதைத் தட்டிவிட்டுப் போகிறவன் நேர்மையானவனில்லை. வக்கீல் இருந்தும் தூக்கு விழும், வாஸ்தவம். ஆனால் தூக்குப் போட்டது வக்கீலின் கை அல்லவே. இரக்கமில்லாத சட்டத்திடம் இரக்கம் கேட்க ஒருவர் வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். இரக்கமுள்ள சட்டத்திடம் யாருமே வேண்டாம் என்று அதிலிருந்து எப்படிக் கிடைக்கிறது?

உரிமை காகிதத்தில் வந்துவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. கால்ட் தீர்ப்பு ஒரு ஓட்டையை விட்டுவைத்தது. வக்கீல் வேண்டாம் என்று பையனும் பெற்றோரும் எழுதிக் கொடுத்துவிடலாம். அந்த ஓட்டைக்குள் என்ன புகுந்தது என்பதைப் பென்ஸில்வேனியாவில், லுஸர்ன் கவுண்டியில் பார்த்தோம். பள்ளி அதிகாரி ஒருவரைக் கிண்டல் செய்து இணையத்தில் ஒரு பக்கம் போட்ட பெண், தாய் வக்கீல் வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுவிட்டதால், இரண்டு நிமிஷம்கூடப் பிடிக்காத விசாரணையில் மூன்று மாத அடைப்புக்குப் போனாள். இப்படிப் பல நூறு பேர். 2009ல் வெளிவந்தது என்னவென்றால், சியவரெல்லா, கானஹன் என்ற இரண்டு நீதிபதிகள், தனியார் சிறுவர் காப்பகங்களோடு சம்பந்தப்பட்டவர்களிடமிருந்து 28 லட்சம் டாலர் அளவுக்குப் பணம் வாங்கியிருந்தார்கள். அந்தக் கோர்ட்டின் தீர்ப்புகள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. 2011ல் சியவரெல்லாவுக்கு 28 வருஷம் சிறை. லஞ்சம் எங்கும் உண்டு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. எதிர்த்துப் பேச ஆள் இல்லாத அறை என்பதால்தான் அங்கே அது அத்தனை வருஷம் அமைதியாக நடந்தது. பக்கத்தில் வக்கீல் இருந்தால் மூன்றாவது வழக்கிலேயே சத்தம் கிளம்பியிருக்கும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது 1887ல். சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டம் 1920ல், இந்தியாவிலேயே முதலாவது. கைது செய்யப்பட்ட எவருக்கும் தான் விரும்பும் வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று 1950ல் அரசியல் சட்டத்தின் 22வது ஷரத்து சொல்லிற்று. பத்து வருஷம் கழித்து, யூனியன் பிரதேசங்களுக்காக வந்த 1960ம் வருஷக் குழந்தைகள் சட்டம், குழந்தைகள் கோர்ட்டில் வக்கீல் ஆஜராக உரிமையில்லை என்றது. கொலைகாரனுக்கு உண்டு, குழந்தைக்கு இல்லை. காரணம் அதே அன்புதான். 1978ல்தான் திருத்தினார்கள். இன்று 1987ம் வருஷச் சட்ட உதவிச் சட்டப்படி எந்தக் குழந்தைக்கும், ஏழை பணக்காரன் என்ற பேதமில்லாமல், இலவச வக்கீல் உண்டு. 2015ம் வருஷச் சட்டப்படி அதற்கு ஏற்பாடு செய்வது இளைஞர் நீதிக் குழுமத்தின் கடமை. ஆக, ஏட்டில் நண்பர் தோற்றுவிட்டார். ஆனால் 2015ம் வருஷச் சட்டத்தின் பாஷையைப் பாருங்கள். குற்றம் சாட்டும் சொற்களையோ எதிர்வழக்காடும் சொற்களையோ குழந்தை விஷயத்தில் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் கொள்கைகளில் ஒன்று. நல்ல எண்ணம்தான், திருடன் என்று கூப்பிட்டால் திருடனாகவே ஆகிவிடுவான். ஆனால் குற்றச்சாட்டு என்ற சொல் போய்விட்ட இடத்தில் குற்றச்சாட்டு போய்விடவில்லை. கைது என்ற சொல் போய்விட்டது. பையனைப் பிடித்துக்கொண்டு வருவது போகவில்லை. அடைத்துவைக்கும் இடத்துக்குக் கூர்நோக்கு இல்லம் என்று பெயர். அழகான தமிழ். யார் யாரைக் கூர்ந்து நோக்குகிறார்கள் என்று மட்டும் பெயர் சொல்லாது.

இதே சட்டத்தின் 15வது பிரிவு, 16 முதல் 18 வயதுக்குள் உள்ளவன் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அவனை வயது வந்தவனாகப் பாவித்து விசாரிக்கலாமா என்று முடிவு செய்ய ஒரு பூர்வாங்க மதிப்பீடு நடத்தச் சொல்கிறது. அவன் மனமுதிர்ச்சி என்ன, விளைவு தெரிந்து செய்தானா என்று பார்க்க வேண்டும். கூடவே, இது விசாரணை அல்ல என்றும் விளக்கம் சொல்கிறது. குற்றம் செய்தானா என்றே இன்னும் நிரூபணமாகவில்லை. விளைவு தெரிந்து செய்தானா என்று அதற்குள் கேட்டாகிறது. விசாரணை அல்லாத இந்த விசாரணையின் முடிவில் பையன் பெரியவர்களின் தண்டனைக்குப் போகக்கூடும். இங்கே வக்கீல் எதற்கு என்று கேட்க முடியுமா? முதல் கேள்வியிலிருந்தே பக்கத்தில் இருந்து, இதற்கு நீ பதில் சொல்ல வேண்டாம் தம்பி என்று சொல்ல ஒருவர் வேண்டாமா?

சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்ட அதே செங்கல்பட்டில், 2022 டிசம்பர் கடைசி நாளில், கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். 2023 ஜனவரியில் கண்காணிப்பாளர் உள்பட ஆறு ஊழியர்கள் கைதானார்கள். பிறகு இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு நியமிக்கப்பட்டார். இதற்கு மேல் இந்தச் சாவைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. வக்கீல் இருந்தால் பிழைத்திருப்பான் என்றும் சொல்லமாட்டேன். அங்கே எல்லாப் பெயர்களும் மென்மையாகத்தான் இருந்தன என்று மட்டும் சொல்கிறேன்.

நம் வட்டத்தில் ஜெனேயின் பெயரைச் சொல்லாதவர்கள் குறைவு. 1926ல் மெத்ரே என்ற சிறுவர் காலனிக்கு அனுப்பப்பட்டவர் அவர். மதில் இல்லாத இடம். பையன்கள் அடைபட்டிருந்த பிரிவுகளுக்குக் குடும்பங்கள் என்று பெயர். ஃபூக்கோ தன் சிறைச்சாலைப் புத்தகத்தில், அடைப்பு என்கிற கலை பூரணமாவது 1840ல் மெத்ரே திறக்கப்பட்ட நாளில்தான் என்கிறார். 1948ல் ஜெனே குற்றச் சிறுவனைப் பற்றி ஓர் உரையைப் பிரெஞ்சு வானொலிக்காக எழுதினார். ஒலிபரப்ப மறுத்துவிட்டார்கள். மறு வருஷம் அச்சில் வந்தது. சீர்திருத்தக்காரர்களின் கனிவை அவர் அதில் வெறுத்து ஒதுக்குகிறார். அது வக்கீலுக்கான வாதமில்லை என்பது தெரியும். ஜெனே எந்த வக்கீலையும் கேட்கவில்லை. ஆனால் உள்ளே இருந்து வந்தவன் பேசினால் கனிவு அவனைக் கேட்கத் தயாராக இல்லை என்பதற்கு அந்த மறுப்பே சாட்சி.

இப்போது தலையாட்டிய மூவருக்கும். நம் கதைகளில் வரும் திருட்டுப் பையன்கள் ஏன் எல்லோருமே பெரிய கண்களோடு மௌனமாக இருக்கிறார்கள்? ஏன் ஒருவனும் மறுத்துப் பேசுவதில்லை? ஏன் கடைசியில் யாரோ ஒரு நல்லவரின் கை அவன் தோளில் விழுகிறது? நமக்கு அவன்மேல் இரக்கம் இருக்கிறது. அவன் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்ற சந்தேகம் இல்லை. அவன் செய்தான் என்று நாம் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறோம். பிறகுதான் மன்னிக்கிறோம். குளோப் ஊர் நீதிபதி செய்ததும் இதுதான். செய்யாதவனுக்கு மன்னிப்பு எதற்கு?

வக்கீல் சட்டத்தின் பாஷையைக் கொண்டுவருவார், குழந்தையின் பாஷை அழிந்துவிடும் என்றார் நண்பர். அந்த அறையில் அழிந்த பாஷை எது என்று சொல்லிவிட்டேன். மூன்று பெரியவர்களின் ஞாபகம் மிஞ்சியது; பையன் பேசியது மிஞ்சவில்லை. நண்பர் ஒருநாள் இளைஞர் நீதிக் குழுமம் நடக்கும் இடத்தின் வாசலில் போய் நிற்கட்டும். தாய்மார்கள் என்ன காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், அதைப் படித்துச் சொல்ல யாராவது கூட இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வரட்டும். பிறகு பேசலாம்.