நாயுடு மேம்பாலமும் நாயக்கன் தெருவும்

பனியன் கம்பெனிகளும் பாத்திரப் பட்டறைகளும் ஓய்ந்துகிடக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அனுப்பர்பாளையத்து இளைஞர்களுக்கு இப்போது ஒரு புதிய பொழுதுபோக்கு கிடைத்திருக்கிறது. வண்டியை எடுத்தால் திருமுருகன்பூண்டி, அவிநாசி. அங்கிருந்து நெடுஞ்சாலையில் தெக்கலூர், கருமத்தம்பட்டி, நீலாம்பூர். கோல்டுவின்ஸில் மேலே ஏறிவிட்டால் உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஒரு சிக்னல்கூட இல்லை. ஹோப் காலேஜ், பீளமேடு, லட்சுமி மில்ஸ் என்று மணிக்கணக்கில் நம்மை நிறுத்திவைத்த இடங்களெல்லாம் காலுக்குக் கீழே ஓடுகின்றன. செலவு 1,791 கோடி ரூபாய். 2025 அக்டோபர் 9 அன்று முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். நல்ல பாலம்தான். காற்று வாங்கிக்கொண்டு போய்வருகிறவர்களிடம் நமக்கு எந்தச் சண்டையும் இல்லை.

சண்டை பெயர்ப்பலகையோடுதான். பாலத்தின் பெயர் ‘ஜி.டி. நாயுடு மேம்பாலம்’.

அதே அக்டோபரில் அதே அரசுதான் தெருக்கள், சாலைகள், குடியிருப்புகள், நீர்நிலைகள் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பெயர்களை நீக்க வேண்டும் என்று அரசாணை போட்டது. அதற்கு முன்பு, 2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல்லே இனி அரசு ஆவணங்களில் இருக்காது என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இரண்டையும் நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் ஆணையின் மை காய்வதற்குள், மாநிலத்தின் மிக நீளமான மேம்பாலத்தின் நெற்றியில் ஒரு சாதிப் பட்டத்தை எழுதி வைத்தால் அந்த ஆணையை எந்த ஊராட்சித் தலைவர் மதிப்பார்?

அரசுத் தரப்பு சொன்ன சமாதானம் இது: ‘நாயுடு’வை எடுத்துவிட்டால் வெறும் இனிஷியல்தான் மிஞ்சும், யாரென்று யாருக்கும் தெரியாது. அவிநாசி சாலையில் போய்வருகிற யாரும் இதைக் கேட்டுச் சிரிக்கத்தான் செய்வார்கள். பாலம் போகும் அதே சாலையில் அவர் குடும்பத்தார் நடத்தும் கார் அருங்காட்சியகத்தின் பெயர் ‘ஜீடீ’. இனிஷியல் மட்டும்தான்! அவருடைய மகனை ஊர் ஜி.டி. கோபால் என்றே அறியும். பெற்ற பிள்ளை சுமக்காத பட்டத்தை அரசு எதற்குச் சுமக்கிறது? துரைசாமி என்று அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்ததே!

1893-இல் கலங்கலில் பிறந்து, பேருந்து ஓட்டி, மோட்டார் செய்து, முகச்சவர ரேசர் வரை கண்டுபிடித்த அந்த மனிதரின் மூளையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் பெரியாரின் நண்பர். அந்தப் பெரியாரின் இயக்கம் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடி, சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஈ.வெ. ராமசாமி தன் பெயரின் வாலை வெட்டிக்கொண்டதால் அவரை யாருக்கும் அடையாளம் தெரியாமல் போய்விட்டதா என்ன?

“பலகையில் மூன்றெழுத்து இருந்தால் என்ன, போனால் என்ன? இதைவிடப் பெரிய பிரச்சினைகள் இல்லையா?” என்று நம் தோழர்களே சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அதே திருப்பூர் மாவட்டத்தில், மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு தெருவுக்குப் பெயர் கம்பள நாயக்கன் தெரு. நீளம் சுமார் 300 மீட்டர். அந்தத் தெருவில் பட்டியலின மக்கள் காலில் செருப்போடு நடக்க முடியாமல் இருந்தது. செருப்புப் போட்டு நடந்தால் மூன்றே மாதத்தில் செத்துப்போவீர்கள், மண்ணுக்குள் பொம்மை புதைத்து வைத்திருக்கிறோம் என்று கதை கட்டி வைத்திருந்தார்கள். 2023 டிசம்பர் 24 அன்று, தீண்டாமை ஒழிப்பு முன்னணி உள்ளிட்ட அமைப்புகள் துணை நிற்க, ஏறத்தாழ அறுபது பேர் செருப்பணிந்து அந்தத் தெருவில் நடந்தார்கள். அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு!

10 கிலோமீட்டரைப் பத்து நிமிடத்தில் கடக்கிறோம் என்று கொண்டாடுகிற கொங்கு மண்டலத்தில்தான் அந்த 300 மீட்டரும் இருக்கிறது. தெருவுக்குச் சாதிப் பெயர் இருப்பதும், தெரு சாதிக்குச் சொந்தமாக இருப்பதும் வேறு வேறு அல்ல. பெயர் என்பது பட்டா. இன்னாருடைய தெரு என்று எழுதி வைத்துவிட்டால், அதில் மற்றவர் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு வந்துவிடுகிறது. இன்னும் அருகில் வாருங்கள். அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் 2018-இல், அருந்ததியர் பெண் ஒருவர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர் திரண்டது. அந்த ஊரின் பெயரை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நம் அனுப்பர்பாளையத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அனுப்பர் என்பதும் சாதிப் பெயர்தான்.

பெயரில் ஒன்றுமில்லை என்பது மேலே இருப்பவர்களுக்கு வசதியான பேச்சு. 1997-இல் விருதுநகரில் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது என்ன நடந்தது? ஒரு தேவேந்திரர் குல வீரனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் அன்றைய திமுக அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே நீக்கிவிட்டது. சுந்தரலிங்கம் என்ற பெயரில் சாதிப் பட்டம்கூட இல்லை, தோழர்களே. அது தாழ்த்தப்பட்டவர் பெயர் என்பதற்காகவே பேருந்திலிருந்து இறக்கப்பட்டது. இன்று பட்டத்தோடு கூடிய பெயர் பாலத்தின் மேல் ஏறி நிற்கிறது, ஒரு கல்லும் பறக்கவில்லை.

சாதிப் பெயர் எல்லோருக்கும் ஒரே எடையல்ல. ஒருவருக்கு அது முதுகில் குத்திய சூடு. ‘சக்கிலியர் தெரு’ என்ற முகவரியை வேலை விண்ணப்பத்தில் எழுதக் கூசிய பிள்ளைக்கு இந்த அரசாணை பெரிய விடுதலை. இன்னொருவருக்கோ அது தலைப்பாகை, அதைக் கழற்றச் சொன்னால் ‘வரலாறு’ என்கிறார். சேரியின் பெயரை மாற்ற யாருடைய அனுமதியும் தேவைப்படாது. நாயக்கன் தெரு, கவுண்டர் வீதி என்று வரும்போதுதான் அதிகாரிகள் ‘உள்ளூர் உணர்வு’ பற்றிப் பேசத் தொடங்குவார்கள். மேம்பாலத்துக்கு விலக்கு அளித்த அரசிடம், எங்களுக்கும் விலக்கு கொடு என்று ஒவ்வொரு வீதியும் கேட்கும். என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

பாலத்துக்குத் துரைசாமி என்றோ ஜீடீ என்றோ பெயரை மாற்ற ஒரு ஆணை போதும். ராஜாவூர் தெருவில் மீண்டும் செருப்பைக் கழற்றச் சொல்லும் குரல் எழாமல் பார்த்துக்கொள்ள ஆணை போதாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடும் துணிச்சல் வேண்டும். இரண்டையும் சேர்த்தே கேட்போம். அடுத்த கிராமசபையில் தெருப்பெயர்ப் பட்டியல் வாசிக்கப்பட்டால், எந்தத் தெருவில் யார் செருப்போடு நடக்க முடியவில்லை என்ற பட்டியலையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.