பெற்றோர் ஊர்ப் பாட்டு

மேல்நாட்டு ராக் இசையைப் பற்றி இப்பகுதியில் எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஊர் பெயர்ந்து வந்த குடும்பங்களின் செய்தி அதில் அடங்கியிருத்தலாலேயே எழுதத் துணிந்தோம்.

1982இல் லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் தோன்றியது 'போக்ஸ்' என்னும் இசைக்குழு. அதன் முதன்மைப் பாடலாசிரியர் ஷேன் மக்கவன், ஐரிஷ் பெற்றோருக்கு 1957இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இளமையில் டிப்பரேரியிலுள்ள தாய்வழிச் சுற்றத்தாரின் பண்ணை வீட்டில் கேட்ட பாட்டுகள் அவர் நெஞ்சில் தங்கிவிட்டன. இலக்கியத் திறனுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் உதவித்தொகை பெற்றவர் அவர். எழுத்தாளர் பிரெண்டன் பீஹனும், பழங்கதை வீரன் கூஹுலினும் அவர் பாட்டில் இயல்பாக வந்துபோவர்.

அக்குழுவின் உயிர்நாடி அக்கார்டியன். நம் ஆர்மோனியத்துக்கு உறவுடைய துருத்திக் கருவி. அதனை இசைத்த ஜேம்ஸ் ஃபியர்ன்லி ஆங்கிலேயர் என்பது வியப்பு. கருவி கிராமத்து விழாக்களுக்கு உரியது. பாட்டோ லண்டனின் இருண்ட தெருக்களைப் பற்றியது. பதினாறு வயதில் பிழைப்புத் தேடி வந்து வீதியிலே சீரழியும் இளைஞன் ஒருவனின் கதையை 1985இல் வந்த பாட்டொன்று கூறுகிறது. ஊருக்கு எழுதும் கடிதத்தில் எவரும் குறிப்பிடாத செய்தி அது.

மரபு கெட்டது என்று அயர்லாந்தின் இசைவாணர் சிலர் கடிந்தனர். நமக்கு இக்குரல் புதிதன்று. சங்க மேடையில் நம் பிள்ளைகள் பாடுகையில், உச்சரிப்பில் குறை கண்டு நாமே முகம் திருப்பியதுண்டு. ஆயினும் மூத்த மரபிசைக் குழுவான 'டப்ளினர்ஸ்' 1987இல் இவர்களோடு சேர்ந்து பாடியது.

பர்மிங்ஹாமில் 1974இல் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளுக்காக, குற்றமற்ற ஐரிஷ்காரர் அறுவர் சிறைப்பட்டிருந்தனர். அவர்களுக்காகக் குழு பாடிய பாட்டை ஒலிபரப்புவதற்கு 1988இல் பிரிட்டனில் தடை விதிக்கப்பட்டது. அறுவரும் 1991இல் விடுதலையாயினர். அவ்வாண்டே, குடியினால் தம் நிலை கெட்ட மக்கவனைக் குழு விலக்கியதையும் மறைப்பதற்கில்லை.

அவர் 2023 நவம்பர் 30 அன்று மறைந்தார். டிப்பரேரியின் நீனா நகரத் தேவாலயத்தில் இறுதி வழிபாடு நிகழ்ந்தது. அவருடைய பாட்டை இசைவாணர் பாட, அங்கேயே சிலர் எழுந்து ஆடினர்.