பள்ளியைத் தேர்ந்தெடுப்பது தகப்பனா, கோடீஸ்வரனா?

டெக்ஸாஸ் என்றால் பருத்தி. அமெரிக்காவிலேயே பருத்தி அதிகம் விளையும் ராஜ்யம் அது. பஞ்சோடு காலம் தள்ளும் நம் மில் தோழர்களில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தப் பருத்திக் காட்டு ஊர்களின் பள்ளிக்கூடங்களைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். எங்கோ இருக்கிற அமெரிக்காக்காரன் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போனால் நமக்கென்ன என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். பணம் ஒரு சட்டசபையை எப்படி வளைக்கிறது, வளைத்த பிறகு அதற்கு எவ்வளவு அழகான பெயரைச் சூட்டுகிறது என்பதைத் தேதி வாரியாகப் பார்க்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

அந்த அழகான பெயர் "பள்ளித் தேர்வுச் சுதந்திரம்". கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. தன் பிள்ளை எங்கே படிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை தாய் தகப்பனுக்கு வேண்டாம் என்று எந்த உழைப்பாளி சொல்லுவான்? ஆனால் காரியத்தில் அது என்ன? பொதுஜனங்கள் கட்டிய வரிப்பணத்தில் பிள்ளைக்கு இவ்வளவு என்று சர்க்கார் ஒரு தொகையை ஒதுக்கும். அதைத் தனியார் பள்ளிக்கூடத்துக்குச் சம்பளமாகக் கட்டிக்கொள்ளலாம். முன்பு இதை வவுச்சர் என்றார்கள். அந்தப் பெயர் ஓட்டர்களிடம் கெட்டுப் போகவே, இப்போது "கல்விச் சேமிப்புக் கணக்கு" என்கிறார்கள். பெயர் மாறினாலும் பொதுப்பள்ளிக்கு வர வேண்டிய காசு தனியார் கல்லாவுக்குப் போவது மாறவில்லை.

டெக்ஸாஸின் கிராமப்புறம் இதை வெகுகாலம் எதிர்த்தது. எதிர்த்தவர்கள் நம்மைப் போன்றவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் ரிபப்ளிகன் கட்சிக்காரர்கள், பழைமைவாதிகள், தொழிற்சங்கம் என்றால் முகம் சுளிப்பவர்கள். ஆனாலும் தங்கள் ஊர் நிலைமை அவர்களுக்குத் தெரியும். அந்த ராஜ்யத்தில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் தனியார் பள்ளி ஒன்றுகூடக் கிடையாது. இருப்பது ஒரே பள்ளி, பொதுப்பள்ளி. பல ஊர்களில் அதிகம் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் இடமும் அதுதான். ஆசிரியர், பஸ் டிரைவர், சமையல்காரி, கூட்டித் துடைப்பவர் எல்லாருக்கும் அங்கேதான் வேலை. வெள்ளிக்கிழமை இரவு ஊரே திரண்டு பந்தாட்டம் பார்ப்பதும் அந்தப் பள்ளி மைதானத்தில்தான். அப்படிப்பட்ட ஊரில் போய் "தேர்ந்தெடுத்துக்கொள்" என்றால், எதை விட்டு எதைத் தேர்ந்தெடுப்பது?

2023 நவம்பர் 17. டெக்ஸாஸ் பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்பு நடந்தது. மசோதாவிலிருந்து வவுச்சர் பகுதியை எடுத்துவிட வேண்டும் என்ற திருத்தத்துக்கு ஆதரவாக 84 ஓட்டு, எதிராக 63. எதிர்க்கட்சியான டெமாக்ரட்டுகளோடு சேர்ந்து 21 ரிபப்ளிகன் அங்கத்தினர்கள் சொந்தக் கட்சிக் கவர்னரை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். (அங்கே கவர்னர் என்றால் மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்ல, ஓட்டு வாங்கி வருகிறவர், நம் முதல்மந்திரி இடத்தில் இருப்பவர்.) அந்தக் கவர்னர் கிரெக் ஆபட் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வவுச்சர் இல்லையென்றால் பொதுப்பள்ளிகளுக்குக் கூடுதல் பணமும் இல்லை, ஆசிரியர்களுக்குச் சம்பள உயர்வும் இல்லை! கஜானாவில் பணம் இல்லாமலா? அந்த ஆண்டு ராஜ்யக் கஜானாவில் 3,200 கோடி டாலருக்கு மேல் உபரி இருந்தது. பிள்ளைக்கு ஒதுக்கும் அடிப்படைத் தொகையோ 2019-க்குப் பிறகு ஒரு டாலர்கூட உயரவில்லை. பள்ளிகளைப் பட்டினி போட்டு, பசி தாங்காமல் கையெழுத்துப் போடட்டும் என்று காத்திருந்தார்கள். கதவடைப்புச் செய்த முதலாளி எப்படிக் காத்திருப்பான் என்பதை மில் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்த 21 பேரும் அசையவில்லை. அப்புறம்தான் செக் வந்தது.

அடுத்த மாதமே, 2023 டிசம்பரில், ஜெஃப் யாஸ் என்ற பங்கு மார்க்கெட் கோடீஸ்வரர் கவர்னர் ஆபட்டின் தேர்தல் நிதிக்கு 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். டெக்ஸாஸ் சரித்திரத்திலேயே இதுதான் மிகப் பெரிய ஒற்றை நன்கொடை என்று கவர்னரின் ஆட்களே பெருமையாக அறிவித்தார்கள். யாஸ் டெக்ஸாஸ்காரரா? இல்லை. அவர் இருப்பது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பென்ஸில்வேனியாவில். டெக்ஸாஸில் அவருக்கு ஓட்டும் கிடையாது. ஆனால் பருத்திக் காட்டு ஊரில் பிறந்து வளர்ந்து ஓட்டுப் போடும் ஆயிரம் பேருடைய சொல்லைவிட அவருடைய ஒரு காகிதத்துக்கு வலு இருந்தது.

2024 மார்ச்சில் ரிபப்ளிகன் கட்சிக்குள் முன்தேர்தல் நடந்தது. யார் வேட்பாளர் என்று கட்சிக்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் தேர்தல் அது. மேலும் நிற்க முனைந்த கலகக்கார அங்கத்தினர்களுக்கு எதிராகக் கவர்னரே ஆட்களை நிறுத்தினார். வெளியூர்ப் பணமும் உள்ளூர் எண்ணெய்க் கோடீஸ்வரர்களின் பணமும் வெள்ளமாகப் பாய்ந்தன. இங்கேதான் பித்தலாட்டத்தைக் கவனிக்க வேண்டும். வவுச்சர் இயக்கம் அச்சடித்து வீடு வீடாக அனுப்பிய நோட்டீஸ்களில் பெரும்பாலும் வவுச்சர் என்ற பேச்சே இல்லை! எல்லையைக் காவல் காக்கத் தவறியவர், கள்ளத்தனமாக நுழைபவர்களிடம் இளக்காரம் காட்டியவர் என்றெல்லாம் அந்த அங்கத்தினர்கள்மேல் சேற்றை வாரி இறைத்தார்கள். "உன் ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற ஓட்டுப் போட்டான், அதனால் அவனைத் தோற்கடி" என்று உண்மையை எழுதியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? மக்கள் விரும்பும் கொள்கை என்றால் அதை நோட்டீஸில் போடக் கூசுவானேன்?

2025-ல் புதிய சபை கூடியபோது அந்த 21 பேரில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது. சிலர் தாமாக ஒதுங்கினார்கள், பலர் வீழ்த்தப்பட்டார்கள். மிஞ்சியவர்களுக்கும் பாடம் புகட்டியாயிற்று. ஏப்ரலில் மசோதா ஓட்டுக்கு வந்த நாளன்று காலையில் ஜனாதிபதி டிரம்ப்பே ரிபப்ளிகன் அங்கத்தினர் கூட்டத்தில் டெலிபோனில் பேசினார். அன்று எதிர்த்து நின்ற ரிபப்ளிகன்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் கேரி வான்டீவர், முன்பு ஒரு சிற்றூரில் பள்ளி நிர்வாகியாக இருந்தவர். கவர்னர் நிறுத்திய ஆளை முந்தின ஆண்டு மறுதேர்தல்வரை போராடி வென்றவர். அவருடைய மற்றக் கொள்கைகளோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் நின்றவன் நின்றான் என்று சொல்லத்தான் வேண்டும்.

அன்று இன்னொரு திருத்தமும் வந்தது. இவ்வளவு பெரிய மாற்றமாயிற்றே, நவம்பரில் டெக்ஸாஸ் மக்களிடமே நேரடி ஓட்டுக்கு விட்டுவிடுவோம் என்றார் டெமாக்ரட் அங்கத்தினர் ஜேம்ஸ் டலரிகோ. அதைத் தோற்கடித்தார்கள். பெற்றோரின் சுதந்திரத்துக்காகவே பிறந்ததாகச் சொல்லப்படும் சட்டம், அதே பெற்றோரிடம் சம்மதம் கேட்க மறுத்துவிட்டது! மே 3-ல் கவர்னர் கையெழுத்துப் போட்டார். பொதுப்பள்ளிகளுக்கு இத்தனை காலம் நிறுத்தி வைத்திருந்த பணத்தில் 850 கோடி டாலர் ஒரு மாதம் கழித்து, ஜூனில்தான் சட்டமாயிற்று. முதலில் வவுச்சர், பிறகு சோறு.

மக்களைக் கேட்க ஏன் பயந்தார்கள்? காரணம் இருக்கிறது. கேட்ட இடத்தில் எல்லாம் அடி வாங்கியிருக்கிறார்கள். 2000-ல் மிச்சிகனில் கேட்டார்கள்; நூற்றுக்கு 69 பேர் வேண்டாம் என்றார்கள். அங்கே பணத்தைக் கொட்டியது டிவாஸ் கோடீஸ்வரக் குடும்பம். அந்தக் குடும்பத்து பெட்ஸி டிவாஸ் 1997-லேயே ஒரு பத்திரிகையில், தாங்கள் கட்சிக்குக் கொடுக்கும் பணத்துக்குக் கைம்மாறு எதிர்பார்ப்பதாக ஒளிவுமறைவில்லாமல் எழுதியவர். இருபது ஆண்டுக்குப் பிறகு, 2017-ல், டிரம்ப் அவரையே கல்வி மந்திரி ஆக்கினார். 2018-ல் அரிஸோனாவில் சுமார் 65 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நான்கே ஆண்டில் அங்குள்ள சட்டசபை அந்தத் தீர்ப்பைக் குப்பையில் போட்டு, 2022-ல் எல்லோருக்கும் வவுச்சர் என்று சட்டம் செய்தது. 2024 நவம்பரில் கென்டக்கியில் கேட்டார்கள். அதே நாளில் டிரம்ப்புக்கு அமோகமாக ஓட்டுப் போட்ட அதே ஜனங்கள், 120 கவுண்டிகளில் ஒன்றுகூடப் பாக்கியில்லாமல் வவுச்சருக்கு வழிவிடும் திருத்தத்தை நிராகரித்தார்கள். நெப்ராஸ்காவிலும் அதே நாளில் அப்படிப்பட்ட சட்டம் ஒன்றை மக்கள் ஓட்டுப் போட்டே ரத்து செய்தார்கள். ஆக, இதை விரும்புவது ஜனங்கள் அல்ல.

டெக்ஸாஸ் சட்டம் என்னதான் தருகிறது? பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டாலர். முதல் ஒதுக்கீடு 100 கோடி டாலர். விண்ணப்பம் மிஞ்சினால் அங்கஹீனப் பிள்ளைகளுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பணக்காரன் பிள்ளைக்கும் கதவு திறந்தே இருக்கிறது. பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளத் தனியார் பள்ளிக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. இந்தப் பிள்ளை மெதுவாகப் படிக்கிறது, இந்தப் பிள்ளையின் குடும்பம் எங்கள் மதமில்லை என்று கதவைச் சாத்தலாம். பொதுப்பள்ளிப் பிள்ளைகள் எழுத வேண்டிய ராஜ்யப் பரீட்சையை அங்கே எழுத வேண்டியதில்லை. சம்பளம் 10,000-க்கு மேல் இருந்தால் மீதியைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். பண்ணையில் கூலி வேலை செய்கிறவன் கட்டுவானா? அப்படியானால் யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? பிள்ளையைத்தான் பள்ளி தேர்ந்தெடுக்கிறது. அரிஸோனாவில் எல்லோருக்கும் என்று திறந்துவிட்டதும் முதலில் ஓடிவந்து விண்ணப்பித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பொதுப்பள்ளியில் படிக்காத பிள்ளைகளின் பெற்றோர். ஏற்கெனவே சம்பளம் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குச் சர்க்கார் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

"ஏழைகளே இதைக் கேட்கவில்லையா?" என்று சிலர் மடக்குவார்கள். கேட்டார்கள்; உண்மைதான். 1990-ல் மில்வாக்கி நகரத்தில் கறுப்பின உழைப்பாளி மக்களின் பிள்ளைகள் பாழடைந்த பள்ளிகளில் தவித்தார்கள். அவர்களுடைய பிரதிநிதி பாலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் மனமார வவுச்சருக்காகப் போராடினார். முதல் ஆண்டில் 300 பேருக்குச் சற்று மேல், எல்லாரும் ஏழைப் பிள்ளைகள். அவருடைய கோபம் நியாயமான கோபம். பொதுப்பள்ளி என்றால் எல்லாம் சொர்க்கம் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் என்ன நடந்தது? அந்த அம்மையாரைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த பணக்காரர்கள், கதவு திறந்ததும் வருமான வரம்பை உயர்த்தக் கிளம்பினார்கள். அவர் எதிர்த்தார். இது ஏழைகளுக்காகச் செய்தது என்று சொன்னார். அதற்குப் பிறகு அவரை யாரும் மேடைக்கு அழைக்க அவசரப்படவில்லை.

இந்தச் சுதந்திரத்தின் பூர்வீகத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1955-ல் பொருளாதாரப் பண்டிதர் மில்டன் பிரீட்மன் வவுச்சருக்கு ஒரு கட்டுரை எழுதினார். பண்டிதர்கள் அதையே மூலம் என்பார்கள். நாம் வர்ஜீனியா ராஜ்யத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டிக்குப் போகிறோம். புகையிலை விளையும் பூமி. அங்கே கறுப்பினப் பிள்ளைகளின் உயர்பள்ளி சுமார் 180 பேருக்குக் கட்டியது. 450 பேரை அடைத்திருந்தார்கள். மிச்சம் பேருக்குத் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகை. 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் தலைமை தாங்க, பிள்ளைகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வழக்கும் சேர்ந்துதான் 1954-ல் சுப்ரீம் கோர்ட்டு, வெள்ளையர் கறுப்பர் என்று பிரித்து வைக்கும் பள்ளி சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

கவுண்டிப் பிரபுக்கள் என்ன செய்தார்கள்? சேர்த்து வைப்பதைவிட இழுத்து மூடுவதே மேல் என்று 1959-ல் எல்லாப் பொதுப்பள்ளிகளுக்கும் பூட்டுப் போட்டார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி உடனே முளைத்தது. முதல் ஆண்டு நன்கொடையில் நடந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பெற்றோருக்கு ராஜ்யமும் கவுண்டியும் படிப்பு மானியம் கொடுக்க ஆரம்பித்தன. பெயர் என்ன தெரியுமா? தேர்வுச் சுதந்திரம்! கறுப்பினத்தாரும் தனியார் பள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னார்கள். அனேகமாக ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. பிள்ளை தெருவில் நின்றாலும் அந்த ஏற்பாட்டுக்குக் கைநாட்டு வைக்க மாட்டோம் என்று நின்றார்கள் அந்தப் புகையிலைக் கூலிகள். சுமார் 1,700 பிள்ளைகள். சிலரை உறவினர் வீடுகளுக்கு வெளியூர் அனுப்பினார்கள். சிலர் மாதா கோயிலின் கீழ்த்தளத்தில் எழுத்துக் கூட்டினார்கள். பலர் காட்டு வேலைக்குப் போனார்கள். 1964-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன பிறகே பூட்டு திறந்தது. ஐந்து ஆண்டுப் படிப்பு போனது போனதுதான். பள்ளிக்குத் திரும்பாமலே போனவர்களும் உண்டு.

இன்று டெக்ஸாஸில் யாரும் பள்ளிக்குப் பூட்டுப் போடவில்லை என்பார்கள். போட வேண்டிய தேவை என்ன? இந்த வவுச்சர் 2030 வாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 480 கோடி டாலரை எட்டலாம் என்று சட்டசபையின் சொந்தக் கணக்கு அலுவலகமே மதிப்பிட்டிருக்கிறது. அங்கே பள்ளிக்குப் பணம் பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. வகுப்பில் நான்கு பிள்ளைகள் குறைந்தால் அந்தத் தொகையும் குறையும். ஆனால் பஸ்ஸுக்கு எண்ணெய்ச் செலவு குறையாது, வாத்தியார் சம்பளம் குறையாது, கூரை ஒழுகுவது நிற்காது.

டெக்ஸாஸ் சட்டசபை இரண்டாண்டுக்கு ஒரு முறைதான் கூடுகிறது. கூடும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்குக்கு எத்தனை கோடி என்று அங்கத்தினர்கள் கை தூக்கியாக வேண்டும். பருத்திக் காட்டு ஊரிலிருந்து போன அங்கத்தினர் கை தூக்கும்போது, உன் தேர்தலுக்குச் செலவழித்தவன் எந்த ஊர்க்காரன் என்று அந்த ஊர் பஸ் டிரைவரும் சமையல்காரியும் கேட்கலாம். கணக்கு அங்கே பகிரங்கமாகத்தான் கிடைக்கிறது. வேட்பாளருக்கு நேராகப் பெரிய நன்கொடை கொடுத்தவன் பெயரை மறைக்க முடியாது. யாஸின் 60 லட்சமும் அப்படித்தான் வெளியே வந்தது.