ஆறு வோல்ட் சம்பளக்காரர்

அப்பா காலத்து யெஸ்டியை ராத்திரியில் ஓட்டியிருக்கிறீர்களா? ஹெட்லைட், ரோட்டைக் காட்டாது. தான் எரிகிறோம் என்பதை மட்டும் காட்டும். காரணம், 6 வோல்ட். கார்களிலும் இந்த ரகம் உண்டு. அமெரிக்காவில் ஷெவர்லே 1955-லும் ஃபோர்டு 1956-லும் 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டன. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மட்டும் 1960-களின் பிற்பாதி வரை ஆறிலேயே காலம் தள்ளியது.

6 வோல்ட் என்பது சின்னச் சம்பளம் மாதிரி. பெரிய அதிகாரிக்கு ஐந்நூறு ரூபாய் பிடித்தம் உறைக்காது. நமக்கு மாதக் கடைசி வாரமே காலி. கணக்கைப் பாருங்கள். 600 வாட் செல்ஃப் மோட்டாருக்கு 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் போதும். ஆறில் 100 வேண்டும். வழியில் எங்காவது 0.01 ஓம் தடை இருந்தால் முன்னவருக்கு அரை வோல்ட் நஷ்டம், மிச்சம் பதினொன்றரை. பின்னவருக்கு ஒரு வோல்ட் நஷ்டம், மிச்சம் ஐந்தே ஐந்து.

தெரிந்தவர் ஒருவரிடம் 1962 பீட்டில் இருக்கிறது. அவர் அப்பா ஓட்டிய வண்டி. "செல்ஃப் அடிச்சா முனகுது சார். தள்ளினா உடனே பிடிச்சுக்குது" என்றார். மெக்கானிக் காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பேட்டரி என்று மளிகை லிஸ்ட் போட்டிருந்தார். "கட்டுப்படி ஆகலேன்னா வித்துடுங்க சார்" என்று இலவச யோசனை வேறு. இவரும் பாதி மனசாகிவிட்டார்.

தள்ளினால் பிடிக்கிறது என்றால் காயிலும் பிளக்கும் பெரும்பாலும் நிரபராதிகள். செல்ஃப் மோட்டார் கரண்ட்டைக் குடிக்கும்போதுதான் அவற்றுக்குப் பட்டினி. வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் இன்னொன்றை என்ஜினிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னேன். ஒன்றரை வோல்ட் காட்டியது! அந்த இடத்தில் கால் வோல்ட்டே அதிகம்.

குற்றவாளி, கியர்பாக்ஸையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை. எர்த் கரண்ட் முழுக்க அது வழியாகத்தான் திரும்ப வேண்டும். துருவேறிக் கிடந்தது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டியதும் ஒரே அடியில் கிளம்பிவிட்டது. செலவு: ஒரு உப்புத்தாள், இரண்டு காபி. விற்கிற பேச்சு அதோடு நின்றது.

அப்படியும் முரண்டு பிடித்தால், பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். 12 வோல்ட் வண்டிக்கான ஒல்லிக் கேபிளை யாராவது மாட்டியிருக்கலாம். ஆறுக்குத் தடிமனானது வேண்டும். அதற்கப்புறம்தான் பாயின்ட் இடைவெளி, பீட்டிலுக்கு 0.4 மில்லிமீட்டர். லிஸ்ட்டில் உள்ள புது சாமான்களெல்லாம் கடைசியில்.

ஒன்று மட்டும் வேண்டாம். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு 12 வோல்ட் பேட்டரியைக் கடன் வாங்கி மாட்டாதீர்கள். செல்ஃப் என்னவோ குஷியாகத்தான் சுற்றும். ஹெட்லைட் சுவிட்ச் ஆனில் இருந்தால் பல்புகள் ஒரு நிமிஷம் தீபாவளி கொண்டாடிவிட்டு, நிரந்தரமாக ரிடையர் ஆகிவிடும்.