ஒரு முகவரி, பல வீடுகள்

மாணவர் விடுதி ஒன்றை நினைத்துப் பார்ப்போம். அங்குள்ளோர் எழுதும் கடிதங்கள் யாவும் விடுதியின் முகவரியிலேயே வெளிச்செல்கின்றன. வாயிற்காவலர் ஒவ்வோர் உறையின்மீதும் ஓர் எண்ணை இட்டு, அது எவருடையது என்பதைத் தம் ஏட்டில் குறித்துக்கொள்கிறார். மறுமொழி அவ்வெண்ணுடன் வரும்போது ஏட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறார். ஏட்டில் காணாத எண்ணுக்கு வருவதை உள்ளே விடுவதில்லை.

நம் இல்லங்களில் சிறு விளக்குகள் மின்ன நிற்கும் ரூட்டர் பெட்டி செய்வதும் இதுவே. தந்தையின் கணினிக்கும் மகளின் செல்பேசிக்கும் பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும் தனித்தனி எண்கள் வீட்டுக்குள் வழங்குகின்றன. செய்தி வெளிச்செல்கையில் ரூட்டர் அவ்வெண்ணை நீக்கி, பொது முகவரியையும் போர்ட் எனும் வேறோர் எண்ணையும் பதிக்கிறது. இந்த மாற்றத்தையே வலைப்பின்னல் முகவரி மாற்றம் என்கின்றனர்.

இணையத்தின் பழைய முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. அவற்றுள்ளும் அனைத்தும் பயன்படா. இப்பற்றாக்குறையை முன்னுணர்ந்து எகெவாங், பால் பிரான்சிஸ் எனும் இருவர் 1994 மே மாதத்தில் இவ்வழியை எழுதி வெளியிட்டனர். தற்காலிக உதவியே என்றனர். தற்காலிகப் பந்தல் நிலைத்த கூரையாகிவிட்டது!

2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த முகவரிகள் தீர்ந்தன. ஆகவே இணைப்பு வழங்கும் நிறுவனங்கள் பல, நம் ரூட்டருக்கும் மேலே இன்னொரு காவலரை அமர்த்தின. இப்போது ஒரே பொது முகவரியில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. அறியாத அயலார் ஒருவர் இழைத்த குற்றத்திற்காக ஓர் இணையதளம் அம்முகவரியைத் தடுத்தால், குற்றமற்ற வீடுகளும் வெளியே நிற்க நேரிடும். இதனினும் பெரிய இடர், முகவரியை மட்டும் கொண்டு ஆளைத் தேடுவோர் தவறான கதவைத் தட்டுவது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017 அக்டோபரில் இம்முறையையே கைவிடக் கோரியது. போர்ட் எண்ணும், நொடி பிசகாத நேரமும் சேர்ந்தாலன்றி அந்த ஏட்டில் உரியவரைக் காண இயலாது. நம் இணைப்பின்மீது எவரேனும் புகார் கூறின், இவ்விரண்டையும் நாம் கேட்கலாம்.

முகவரிப் பஞ்சமே இல்லாத புதிய முறை பரவிவருகிறது. எனினும் பழையது இன்னும் விடைபெறவில்லை.

நம் வீடு இவ்வரிசையில் உள்ளதா என அறிய விரும்புவோர், ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிமுகவரியைப் பார்க்கலாம். அது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களுள் ஒன்றில் தொடங்கினால், மேலே இன்னொரு காவலர் இருக்கிறார்.