நீலப் பல் வலி

பல் வலித்தால் கிராம்பு வைக்கலாம். ப்ளூடூத்துக்கு வலி வந்தால் எதை வைப்பது?

போன வியாழக்கிழமை மத்தியானம் மாமாவிடமிருந்து போன். "மாப்ள, எங்கிருக்கே? உடனே வா. கம்ப்யூட்டர் பேசமாட்டேங்குது!"

நான் பி.காம். டெபிட் எந்தப் பக்கம், கிரெடிட் எந்தப் பக்கம் என்று மூன்று வருஷம் குழம்பி, ஒருவழியாகப் பாஸ் செய்தவன். ஆனாலும் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு கம்ப்யூட்டர், கரண்ட், கல்யாணப் பொருத்தம் எல்லாம் தெரிந்திருக்கும் என்று எங்கள் சொந்தத்தில் ஒரு நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று பைக்கை உதைத்தேன்.

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் மாமாவின் ஜாப் ஒர்க் யூனிட். ஓவர்லாக், ஃப்ளாட்லாக், பவர் டேபிள் எல்லாம் சேர்த்து இருபது மெஷின். இத்தனை நாள் பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்தவர், முதல்முறையாகத் தானே ஒரு வெளிநாட்டு பையரைப் பிடித்திருந்தார். மூன்றரைக்கு வீடியோ கால். சாம்பிள் ஓகே ஆனால் ஆர்டர். ஆர்டர் வந்தால், சனிக்கிழமை சம்பளத்துக்குக் கடன் கேட்டு யார் வீட்டுப் படியும் ஏறவேண்டாம்.

லேப்டாப் பழசு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ அது ஏற்றுக்கொள்ளாது. மாமா பையன் காலேஜுக்குத் திரும்பும் முன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஹெட்ஃபோன் ஓட்டையிலோ வருஷக்கணக்கில் பனியன் பஞ்சு. அதனால் புதுசாக ஒரு ப்ளூடூத் ஹெட்ஃபோன்.

"போன்லயே பேசிடலாமேங்க மாமா?"

"ஸ்பெக் ஷீட்டு அந்தத் துளியூண்டு ஸ்கிரீன்ல எனக்கெங்க தெரியுது?"

மணி இரண்டே கால். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். ரீஸ்டார்ட்! ஹும். மறுபடி ரீஸ்டார்ட். மூன்றாவது தடவை கை வைத்தபோது மாமா தடுத்தார். ஒரு காலத்தில் நிட்டிங் மெஷின் ஓட்டியவர் அவர்.

"மாப்ள, நிட்டிங் மெஷின் நின்னா நாங்க சும்மா சுவிட்சைப் போட்டுப் போட்டு அமுக்கமாட்டோம். எங்க லைட் எரியுதுன்னு பார்ப்போம். அங்கதான் நூல் அறுந்திருக்கும்."

சுளீரென்றது. லினக்ஸிலும் அந்த லைட் இருக்கிறது சார். டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து கேட்டால் சொல்லிவிடும்.

முதல் கேள்வி: 'ஆர்எஃப்கில் லிஸ்ட்'. ரேடியோவை யாராவது அடைத்து வைத்திருக்கிறார்களா என்று காட்டும். 'ஹார்டு பிளாக்டு' என்றால் லேப்டாப்பின் சுவிட்ச் வேலை. 'சாஃப்ட் பிளாக்டு' என்றால் சாஃப்ட்வேர் வேலை. எங்களுக்கு சாஃப்ட். யாரோ போகிற போக்கில் அணைத்திருக்கிறார்கள். 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ப்ளூடூத்' என்று அடித்தேன். ஒரு நூல் முடிச்சுப் போட்டாயிற்று. (பட்டியலில் ப்ளூடூத் பெயரே இல்லையென்றால் சிப்புக்கான ஃபர்ம்வேர் ஏறாமல் இருக்கலாம். 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' என்று கேட்டால் அந்தப் புலம்பல் தெரியும்.)

இரண்டாவது: 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் ப்ளூடூத்'. ஆக்டிவ் என்று பச்சையில் வந்தது. நல்லது.

மூன்றாவது: 'ப்ளூடூத்சிடிஎல்' என்று அடித்து, உள்ளே போய் 'ஸ்கேன் ஆன்'. தேடிக்கொண்டே இருந்தது.

அது தேடுகிற நேரத்தில் ஒரு ராஜா கதை. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கில் ஹரால்டு என்று ஒரு ராஜா. பட்டப்பெயர் நீலப்பல். சிதறிக் கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவர் என்று பெயர். இன்டெல்லின் ஜிம் கார்டக், கருவிகளை ஒன்று சேர்க்கும் இந்த நுட்பத்துக்குத் தற்காலிகமாக அந்தப் பெயரைச் சொன்னார். தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டது, நம் ஊர் டெம்பரவரி பஸ் ஸ்டாண்டு மாதிரி.

ராஜா கதை முடிந்தும் ஹெட்ஃபோன் சிக்கவில்லை. ஏன்? அது மாமாவின் சட்டைப்பையில் இருந்த செல்போனோடு ஏற்கெனவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது! போனில் ப்ளூடூத்தை அணைத்து, ஹெட்ஃபோன் பட்டனை அமுக்கிப் பிடித்ததும் பெயர் வந்தது. அப்புறம் 'பேர்', 'ட்ரஸ்ட்', 'கனெக்ட்'. நிச்சயம் செய்து, நம்பி, கைபிடிப்பது. நடுவில் நம்பிக்கையை விட்டுவிட்டால் அடுத்த முறை ஹெட்ஃபோன் தானாக வந்து சேர்வதில் தகராறு வரும். கல்யாணத்துக்கும் இதே வரிசைதான்.

மணி மூன்று. ஒத்திகைக்கு நான் மாடிப்படியில் நின்று பேசினேன். "பதினாலு பீஸ்" என்றேன். "நாப்பதா?" என்றார் மாமா. குரல் துண்டு துண்டாகப் போயிருக்கிறது.

ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். ஹெட்ஃபோன் பாட்டும் பேச்சும் 79 சந்துகளில் விநாடிக்கு 1,600 தடவை தாவித் தாவிப் போகின்றன. சாதாரண வைஃபையும் அதே தெருவில்தான். போதாததற்கு யுஎஸ்பி 3.0 கருவிகளும் அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். லேப்டாப்பின் விலாவில் டிசைன் ஃபைல்களோடு ஒரு ஹார்டு டிஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. வேண்டியதைக் காப்பி செய்துவிட்டுக் கழற்றினேன். குரல் கோத்துக்கொண்டது. கொஞ்சம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அது பழுதில்லை. ஹெட்ஃபோனின் மைக்கும் சேர்ந்து ஓடும்போது அநேகமாகப் பாட்டுத் தரம் போய் டெலிபோன் தரம் வந்துவிடும்.

மூன்றரை. பையர் வந்தார். சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓகே. டெலிவரி எத்தனை நாள் என்கிற பேச்சு வந்தது. அவர் ஏதோ சொன்னார். மாமா நிமிர்ந்தார்.

"ஃபார்ட்டி?"

"நோ, ஃபோர்ட்டீன்."

யூனிட்டே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. நூல் வாங்கி, நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங்... பதினாலு நாளில் எங்கே? தேதி தவறினால் சரக்கை ப்ளேனில் அனுப்பவேண்டும், தன் கைக்காசில். அந்த ஒரு பில் இருபது மெஷினையும் விழுங்கிவிடும். கரகரத்த ஹெட்ஃபோனில் 'ஃபார்ட்டி' என்றே காதில் வாங்கி "எஸ் எஸ்" என்று தலையாட்டியிருந்தால்?

மாமா நிதானமாக ஒவ்வொரு வேலைக்கும் நாள் கணக்குச் சொன்னார். உடைந்த இங்கிலீஷ்தான். ஆனால் தெளிவாகக் கேட்டு, தெளிவாகச் சொன்ன இங்கிலீஷ். நாற்பத்தைந்து நாளில் முடிந்தது பேச்சு. ஓவர்லாக் அக்கா ஒருத்தர் சத்தமில்லாமல் டீ கொண்டுவந்து வைத்தார்.

எனக்கு ஃபீஸ் ஒரு கவரில் வந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால் நாலு பனியன். நான் மீடியம். உள்ளே இருந்தது டபுள் எக்ஸ்எல்!

மாமா "சைஸ் என்ன?" என்று கேட்டபோது ஓவர்லாக் இரைச்சலில் நானும் "எஸ் எஸ்" என்றுதான் தலையாட்டியிருக்கிறேன்.